கடல் கடந்த உழைப்பும் வீடு வந்த விடுமுறையும்

 

பயணங்களில் இரு வகை உண்டு. பிழைப்பைத் தேடிப் புறப்படுவது ஒன்று. இறைவனின் படைப்பையும் முன்னோர் வாழ்ந்த சுவடுகளையும் கண்டு வரப் புறப்படுவது மற்றொன்று. பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் கரையில் அமைந்த லெப்பைக்குடிக்காடும், அதற்கு மேற்கே உள்ள வ.களத்தூரும், சுற்றியுள்ள முஸ்லிம் ஊர்கள் பலவும் முதல் வகைப் பயணத்தில் கைதேர்ந்தவை. மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று ஏதேனும் ஒரு நாட்டின் விசா முத்திரை விழாத குடும்பத்தை இங்குத் தேடித்தான் காண வேண்டும். இரண்டாம் வகைப் பயணத்திலோ நம் குடும்பங்கள் இன்னும் வறியவையே. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தைப் படத்தில் பார்த்தவுடன் பெயர் சொல்லும் நம் பிள்ளைகளில் பலர், பெரம்பலூருக்கு அருகே கல்லாய் மாறிக் கிடக்கும் மரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

இந்த இரு வகைப் பயணங்களையும் அடுத்தடுத்து மேற்கொள்ளும் வாய்ப்பு 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எனக்குக் கிட்டியது. மூன்று மாதங்கள் மலேசியாவில் ஆசிரியப் பணி. திரும்பி வந்ததும் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையில் மூன்று நாட்கள் மனைவி மக்களோடு நம் சொந்த மாவட்டங்களில் உலா. அவ்விரண்டும் சேர்ந்து என் உள்ளத்தில் எழுப்பிய எண்ணங்களை உங்கள்முன் வைக்கவே இக்கட்டுரை.

மழை ஓயாத மண்

மலேசியாவின் வட பகுதியில் உள்ள கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியை அடுத்த ஓர் ஊரில், தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதவும் தமிழ் எழுதப் படிக்கவும் கற்றுக் கொடுப்பது எனக்கு அமைந்த பணி. பூமத்தியரேகையிலிருந்து ஆறு பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ள நிலம் அது. பெரம்பலூர் பதினொரு பாகையில் இருக்கிறது. இரண்டுமே வெப்பமண்டலம்தான். ஆயினும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வியப்பைத் தருகிறது.

நம் பகுதியில் வானம் ஆண்டில் சில மாதங்களே கருணை காட்டும். ஐப்பசியும் கார்த்திகையும் கைவிட்டால் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் போட்ட குடியானவன் தலையில் கை வைத்துக்கொள்வான். அங்கோ வெயில் காலம், குளிர் காலம் என்ற பிரிவே தெரிவதில்லை. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவு. காலையில் சுள்ளென்று வெயில். பிற்பகலில் இடியோடு பெருமழை. அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தால் மரங்கள் எல்லாம் குளித்து நிற்கும். அண்டையிலுள்ள பினாங்குத் தீவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. பெரம்பலூர் பெறுவது அதில் பாதிக்கும் குறைவு.

அந்த ஈரமும் வெப்பமும்தான் ரப்பர் மரத்தை அங்கே வேரூன்றச் செய்தன. ரப்பர் அந்த மண்ணுக்கு உரிய மரம் அன்று. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். மரம் கடல் கடந்து வந்தது. அதைச் சீவிப் பால் எடுக்கத் தமிழ்நாட்டு உழைப்பாளர்களும் கடல் கடந்து வந்தார்கள். நம் முஸ்லிம்கள் பெரும்பாலும் வணிகத்திலும் உணவுக் கடைகளிலும் கால் ஊன்றினார்கள். காவடியைப் போன்ற தடியின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து பினாங்குத் தெருக்களில் விற்ற உணவே இன்று 'நாசி கண்டார்' என்று நாடு முழுவதும் பெயர் பெற்று விளங்குகிறது. சுமந்த தோள் நம்முடையது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அன்றைய பயணம் எளிதன்று. நாகப்பட்டினத்தில் 'ராஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு போய்ச் சேர ஒரு வாரம் அளவில் ஆகும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்கு உள்ளாகி ஓய்ந்தது. இன்று திருச்சிராப்பள்ளியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். தொலைவு குறைந்துவிட்டது. பிரிவு குறைந்ததா?

ஒரு கூட்டல் கணக்கு

நான் தங்கியிருந்த இடத்துக்கு அருகில் ஓர் உணவுக் கடை. இரவும் பகலும் அடைக்காத கடை. அங்கே ரொட்டி போடுபவர் நம் மாவட்டத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. பணி முடிந்து இஷாவுக்குப் பிறகு என்னோடு அமர்ந்து பேசுவார். அந்நாட்டுக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கு இரவு பத்து மணியானால் இங்கு ஏழரை. பிள்ளைகள் சாப்பிட அமரும் அந்த நேரத்தில் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவதுதான் அவருடைய குடும்ப வாழ்வு.

ஒருநாள் அவரே ஒரு கணக்குச் சொன்னார். "ஹஜ்ரத், நான் சஃபர் வந்து 22 வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒன்பது தடவை ஊருக்குப் போயிருக்கேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாச லீவு. கூட்டிப் பாருங்க."

கூட்டிப் பார்த்தேன். பதினெட்டு மாதம். 22 ஆண்டு மண வாழ்வில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் இருந்தது ஒன்றரை ஆண்டு! அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீடு கட்டியாயிற்று, தங்கைகள் இருவருக்குத் திருமணம் முடிந்தது, மகள் கல்லூரியில் படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ் என்று நன்றியோடுதான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

வாசகர்களே! அந்தப் பதினெட்டு மாதமும் குடும்பத்துக்குக் கிடைத்ததா என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள். விடுப்பில் வந்தவரின் முதல் வாரம் பெட்டி பிரிப்பதிலும் உறவினருக்குச் சாமான் பங்கிடுவதிலும் போகும். அடுத்த வாரங்கள் விருந்து, மருத்துவமனை, பத்திரப் பதிவு அலுவலகம், கொத்தனார், ஆசாரி. இடையில் ஊரில் நடக்கும் நிக்காஹ்கள். இறுதி வாரம் மீண்டும் பெட்டி கட்டுதல், ஊறுகாய், முறுக்கு, கருவாடு. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும்போது அவர் உறங்குவார். அவர் வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்குவர்.

எங்கள் மக்தபில் ஓதும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஒருமுறை தாமதமாக வந்தான். காரணம் கேட்டேன். "மலேசியா அத்தா வந்திருக்காங்க" என்றான். எந்தப் பிள்ளையும் தன் தந்தையை 'அத்தா' என்று மட்டுமே சொல்லும். இவனுக்கோ தந்தைக்கு முன்னால் ஒரு நாட்டின் பெயர் தேவைப்பட்டது. உறவுக்காரர் பலருள் அவரும் ஒருவர்போல!

மார்க்கம் காட்டும் அளவு

ஹலாலான ரிஸ்க்கைத் தேடிப் பயணம் செய்வதை இஸ்லாம் போற்றுகிறது. எனினும் பயணத்துக்கு ஓர் எல்லையையும் அது காட்டியுள்ளது. பயணம் என்பது உணவையும் உறக்கத்தையும் கெடுக்கும் ஒரு வகை வேதனை என்றும், வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். இறைவணக்கத்திலேயே முழு நேரமும் மூழ்கியிருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், மனைவிக்கும் உரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததையும், அதை நபிகளார் சரியென்று ஏற்றதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். போர்முனையில் இருக்கும் வீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்குக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வரம்பு வகுத்ததாகவும் வரலாறு கூறுகிறது.

இன்றைய நிலையில் பிரிவைத் தவிர்க்க எல்லாராலும் இயலாது. ஆனால் வீட்டில் இருக்கும் நாட்களை வீட்டாருக்கு அளிப்பது நம் கையில்தான் உள்ளது. விடுப்பு நாட்கள் ஓர் அமானத். அவற்றில் இரண்டு மூன்று நாட்களையேனும் மனைவி மக்களோடு வெளியே சென்று கழியுங்கள் என்பதே என் வேண்டுகோள். எங்கே செல்வது என்கிறீர்களா? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக வேண்டியதில்லை. தொழுகையைச் சுருக்கித் தொழும் தொலைவுகூட இல்லாத இடங்களிலேயே இறைவன் எத்தனையோ அதிசயங்களை வைத்திருக்கிறான். நாங்கள் சென்று வந்த வழியைச் சொல்கிறேன்.

முதல் நாள்: கோட்டையும் கல்மரமும்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் ஆட்சிக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் இதைக் கட்டியதாகக் கூறுவர். அகழியும், அரைவட்டக் கொத்தளங்களும், ஒன்றன்மேல் ஒன்றாக உயரும் மூன்று நிலை மதில்களும் உள்ளன. 1751இல் அருகிலுள்ள வாலிகண்டபுரத்தில் பெரும் போர் நடந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்களும், முஹம்மது அலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். நம்மவர் இருவர் சண்டையிட, நாட்டைக் கைப்பற்றியது மூன்றாமவர் என்பதைக் கோட்டையின் உச்சியில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு எந்தப் பாடநூலும் தேவையில்லை. கீழே நெடுஞ்சாலையில் பேருந்துகள் விரைகின்றன. அவற்றில் விமான நிலையத்துக்குச் செல்லும் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர்! கோட்டையை அவர்கள் சன்னல் வழியே பார்த்ததோடு சரி.

பிற்பகலில் பெரம்பலூருக்குத் தெற்கே ஆலத்தூர் வட்டத்திலுள்ள சாத்தனூருக்குச் சென்றோம். அங்கே ஓடைப் பள்ளத்தில், வேலிக்குள், 18 மீட்டர் நீளத்துக்கு மேல் ஒரு மரம் படுத்திருக்கிறது. தொட்டால் கல். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தமிழறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது இது. வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்று மதிப்பிட்டுள்ளனர். தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டுள்ளது.

மரம் எப்படிக் கல்லாகும் என்று என் மகன் கேட்டான். அக்காலத்தில் இங்கே கடல் இருந்தது. கரையோரத்து மரம் ஒன்று நீரில் அடித்து வரப்பட்டு மணலிலும் சேற்றிலும் புதைந்தது. காற்றுப் படாததால் அது மட்கவில்லை. நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நுண்ணிய அறைகளுக்குள் சிறிது சிறிதாகப் புகுந்து படிந்து, மரம் இருந்த இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது. வடிவம் மரம், பொருள் கல். இதைக் கேட்டதும் பையன் மரத்தைச் சுற்றி மூன்று முறை நடந்து அடிகளை எண்ணினான். வீட்டுக் கணக்குப் பாடத்தில் அவன் இத்தனை ஆர்வம் காட்டி நான் கண்டதில்லை.

இரண்டாம் நாள்: கடலும் பறவைகளும்

1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்த அரியலூர், 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனித்து நின்றது. மாவட்டங்கள் பிரிந்தாலும் அடியிலுள்ள பாறை ஒன்றே. பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் இப்பகுதிப் பாறைகளை விரிவாக ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1862இல் வெளியானது. அன்று முதல் உலக அறிஞர்கள் அரியலூரை அறிவார்கள். அரியலூரார்தாம் இன்னும் முழுமையாக அறியவில்லை!

அரியலூருக்குத் தெற்கே வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் கடல் உயிர்களின் கல்லுருவங்களைக் காணலாம். நத்தைச் சுருள் போன்ற ஓடுடைய அம்மோனைட் என்ற உயிரினம் அவற்றுள் பெயர் பெற்றது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அதுவும் அழிந்தது. இம்மாவட்டத்துக் கல்லமேடு என்ற சிற்றூரின் அருகே கிடைத்த மாபெரும் எலும்புகளை ஆராய்ந்து, 1987இல் ஒரு டைனோசருக்குப் 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டனர். 'பேருடல் கொண்டது' என்பது பொருள்.

அரியலூரின் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் செல்கின்றன. கடல் உயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்ததே அந்தச் சுண்ணாம்புக்கல்லாயிற்று. அதுவே இங்குள்ள ஆலைகளில் சிமெண்டாகிறது. அயல்நாட்டுச் சம்பாத்தியத்தில் நாம் எழுப்பும் வீட்டுச் சுவரில் பழங்கடலின் சிப்பியும் கலந்திருக்கிறது என்று சொன்னபோது, என் துணைவியார் "அப்படியானால் நம் வீடும் கடல் கடந்து வந்ததுதான்" என்றார். (ஒரு வேண்டுகோள்: வழியில் காணும் கல்லுருவங்களை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அடுத்த தலைமுறையும் பார்க்கட்டும்.)

மாலையில் கரைவெட்டி ஏரி. 450 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பு. மேட்டூர் அணையின் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே இதை நிரப்புகிறது. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத் நாட்டுப் பக்கங்களிலிருந்து இமயமலையையே தாண்டி இங்கே வருகின்றன. கடுங்குளிரில் இரை கிடைக்காது என்பதால் ரிஸ்க்கைத் தேடி வருகின்றன. கோடை வருமுன் திரும்பிவிடுகின்றன. வாத்துக் கூட்டத்தில் அவ்வாண்டுக் குஞ்சுகள் தாய் தந்தையரோடு சேர்ந்தே பறந்து, முதற்குளிர்காலத்தை அவற்றோடு கழிக்கும். கரையில் நின்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சுங்கைப்பட்டாணியின் ரொட்டிக் கடையும் அந்தப் பதினெட்டு மாதக் கணக்கும் என் நினைவுக்கு வந்தன.

மூன்றாம் நாள்: கடாரம் வென்றவனின் தலைநகர்

முந்திரித் தோப்புகளைக் கடந்து ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் சேர்ந்தோம். தஞ்சையிலிருந்து தலைநகரை மாற்றி முதலாம் இராஜேந்திர சோழன் அமைத்த ஊர். ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரு பேரரசு இங்கிருந்து ஆளப்பட்டது. அவன் எழுப்பிய பெருங்கோயில் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. அரண்மனை நின்ற இடமோ இன்று 'மாளிகைமேடு' என்ற பெயரில் செங்கல் அடித்தளமாய் எஞ்சியிருக்கிறது. அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. அந்தக் காலத்துக் கடல் வாணிகத்துக்கு அவை சாட்சி.

1025இல் இராஜேந்திரனின் கடற்படை வென்ற கடாரமே இன்றைய கெடா. அங்கிருந்தபோது மெர்போக் என்ற ஊரிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தை நான் பார்த்திருந்தேன். கடலிலிருந்து வருவோருக்கு அடையாளமாக விளங்கிய ஜெராய் மலை, அதன் அடிவாரத்தில் பழங்காலக் கட்டடங்களின் கல் அடித்தளங்கள், வாணிகர் விட்டுச் சென்ற மணிகள், பானை ஓடுகள். விடுமுறை நாட்களில் உள்ளூர்க் குடும்பங்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு அங்கே வருகின்றன. அதே கதையின் மறுமுனை நம் வீட்டு வாசலுக்கு அருகில் இருக்கிறது. 2025இல் அந்தக் கடற்பயணத்தின் ஆயிரமாவது ஆண்டு இங்கே அரசு விழாவாகவும் கொண்டாடப்பட்டது.

மாளிகைமேட்டில் நின்று என் மகள் கேட்டாள்: "இவ்வளவு பெரிய அரண்மனை எங்கே போயிற்று?" முன்சென்ற சமுதாயங்களின் முடிவைப் பூமியில் சுற்றிப் பார்த்துச் சிந்திக்குமாறு திருமறை மனிதனை மீண்டும் மீண்டும் தூண்டுவது ஏன் என்பதற்கு அந்தச் செங்கல் வரிசையைவிடச் சிறந்த விளக்கம் வேறில்லை. வகுப்பறையில் ஓராண்டு சொல்லியும் பதியாத பாடம் அங்கே ஒரு கேள்வியாகவே எழுந்தது.

இயலாது என்போருக்கு

செலவாகுமே என்பீர்கள். ஒரு வேன் வாடகையும், வீட்டில் கிண்டிய எலுமிச்சைச் சோறும், உருளைக்கிழங்கும், தண்ணீர்க் குடமும் போதும். விருந்தொன்றுக்கு நாம் செய்யும் செலவை இது எட்டாது. பெண்களை அழைத்துச் செல்வது வசதிப்படுமா என்பீர்கள். கணவரோடும் பிள்ளைகளோடும் செல்வதைவிடப் பாதுகாப்பான பயணம் ஏது? ஆண்டு முழுவதும் மாமியாரையும் பிள்ளைகளையும் கணக்கு வழக்கையும் தனியாகத் தாங்கும் அந்தப் பெண்மணிக்கு, அடுப்படியை விட்டு வெளியே ஒரு நாள் தரக் கடமைப்பட்டிருக்கிறோம். முதியவர்கள் தனித்திருப்பார்களே என்பீர்கள். வேனில் முன் இருக்கை அவர்களுக்குத்தான்!

நேரம் இல்லை என்பது ஒன்றே நியாயமான பதில்போலத் தோன்றும். அதற்கும் ஒரு வழி உண்டு. ஊருக்கு வரும் நாளைக் குறித்தவுடன், கொத்தனாருக்கும் பத்திர எழுத்தருக்கும் நாள் ஒதுக்குவதற்கு முன்னால், பிள்ளைகளின் விடுமுறையைக் கேட்டு மூன்று நாட்களைக் குறித்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் வந்தால் கரைவெட்டியில் பறவைகளும் இருக்கும். கோடையில் வந்தால் அதிகாலையில் புறப்பட்டு லுஹருக்குள் வீடு திரும்புங்கள்.

தந்தையைப் பற்றிப் பிள்ளையின் மனத்தில் எஞ்சுவது அவர் கொண்டுவந்த மிட்டாயும் கடிகாரமும் மட்டுமல்ல. கல்மரத்தைச் சுற்றி அவர் கைபிடித்து நடந்த நடையும் அங்கே நிற்கும். கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்களின் ரிஸ்க்கில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவர்கள் வீட்டில் கழிக்கும் நாட்களையும், அவர்களை எதிர்பார்த்திருக்கும் இல்லங்களையும் மகிழ்ச்சியால் நிரப்புவானாக! ஆமீன்.